கவர் இல்லாத கடைசி நாள்

அம்பத்தூர் எஸ்டேட்டில், கார்களுக்குத் தகடு வெட்டி வளைத்துக் கொடுக்கிற ஒரு கம்பெனி. அங்கே தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது யுவராணியின் வேலை. ஆவடிப் பெண். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை; வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

புது பிரஸ் மெஷின்கள் வந்திருந்தன. அவற்றை ஓட்டச் சொல்லிக்கொடுக்க மாடி ஏசி ரூமில் ஒரு வார வகுப்பு. யுவராணி தொண்டை வறளக் கத்தினாள். படம் போட்டாள், விளையாட்டு வைத்தாள், சரியான பதிலுக்கு சாக்லேட் என்றாள். ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே! இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சமோசாகூட மிஞ்சியது. எஸ்டேட்டில் சமோசா மிஞ்சி யாராவது பார்த்ததுண்டா?

"ஆளுங்களுக்கு ஆர்வமே வரலையேம்மா. கடைசி நாளும் இப்படியே இருந்தா, வெளியிலேர்ந்து வேற ஆளத்தான் கூப்பிடணும்" என்றார் மேனேஜர் பார்த்தசாரதி. பதமாகத்தான் சொன்னார். ஆனால் வேறு ஆள் வந்தால் தன் வேலை போச்சு என்பது யுவராணிக்குப் புரிந்தது.

கடைசி நாள் காலை. வகுப்புக்கு வந்துகொண்டிருந்த வேம்புலி தன் பழைய மெஷினில் ஒட்டியிருந்த அம்மன் படத்தை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். ஆயுத பூஜைக்கு அவரே ஒட்டியது. ஒரேயடியாக வேலையை விட்டுப் போகிறவர்தான் அந்தப் படத்தை எடுப்பார். அங்கே அதுதான் வழக்கம்.

"என்னண்ணா, படத்த எடுக்கறீங்க?" என்று கேட்டாள் யுவராணி.

"இன்னிக்கி கவர் குடுப்பீங்கோ இல்ல? மின்னாடியே எடுத்துக்கினா மருவாதி."

"எந்தக் கவர்?"

"நீ வர்றதுக்கு மின்னாடிம்மா. இப்டித்தான் ஏசி ரூம்ல ட்ரெயினிங்குன்னு, இங்க வேல செஞ்ச இருதயராஜ் செட்ட கூப்ட்டாங்கோ. கடைசி நாளு கணக்கு முட்ச்சி, கையில கவரக் குட்த்து அனுப்ச்சிட்டாங்கோ."

யுவராணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிழைப்பு போய்விடும் என்று உட்கார்ந்திருந்தவர்களிடமா இத்தனை நாளும் சாக்லேட்டை நீட்டினாள்!

விடுவிடுவென்று போய் பார்த்தசாரதியைக் கையோடு அழைத்து வந்தாள். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் சுண்டிப்போனது. எல்லாரையும் கூட்டி நிறுத்தி, "யாரையும் அனுப்பல. புது மெஷின ஓட்டப்போறதே நீங்கதான்" என்றார். கொஞ்ச நேரம் ஒருத்தரும் நம்பவில்லை. பிறகு யாரோ சிரித்தார்கள், அது எல்லாரையும் தொற்றிக்கொண்டது.

ஏசி ரூமை யுவராணி இழுத்துப் பூட்டினாள். மெஷின் பக்கத்திலேயே வகுப்பு. "கை உள்ள போனா தானா நின்னுடுமா?" "கரண்ட் பூட்சின்னா?" என்று ஆளாளுக்குப் பிடுங்கி எடுத்தார்கள். டீ வந்ததையே யாரும் கவனிக்கவில்லை. ஓரமாக நின்று பார்த்த மேனேஜர், "அடுத்த செட்டுக்கும் நீயே எடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வந்தாள். சுவரோரம் வேம்புலி பெண்டாட்டியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அழாதம்மே. ஒண்ணும் இல்ல. நெஜமாவே கிளாஸுதான் எட்த்தாங்கோ."