பழுது என்று சொல்லவும்

ஓடால்மிஸுக்கு நல்ல குரல். கமகுவே நகரத்துத் தொலைபேசி அலுவலகத்தில் இருபது வருடமாக உட்கார்ந்து அந்தக் குரலால்தான் பிழைக்கிறாள். வரிசையில் நின்று நொந்து வருகிறவர்கள்கூட அவள் இரண்டு வார்த்தை பேசினால் தணிந்துவிடுவார்கள். கியூபாவில் ஒரு வரிசையைத் தணிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அவள் தெருவுக்கே அவளால் பெருமை. ரீசார்ஜ் ஏறவில்லையா, வீடியோ நின்று நின்று வருகிறதா, ஓடால்மிஸைக் கேள் என்பார்கள்.

சில எண்களைத் தட்டினால் அவள் கணினித் திரையில் ஒரு வரி வரும்: மேலிடத்து உத்தரவால் இணையம் நிறுத்தம், வாடிக்கையாளரிடம் பழுது என்று சொல்லவும். அவளும் சொல்வாள். மழை மேல் பழியைப் போடுவாள், கேபிள் மேல் போடுவாள். முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வதில் அவளுக்கு வாய் கூசியதே இல்லை.

எதிர்வீட்டு எவேலியோவின் எண்ணுக்கு அந்த வரி வந்த அன்றுதான் கூசியது. எவேலியோ ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்பவர், மனைவியை இழந்தவர். மின்வெட்டு தாங்காமல் தெரு ஜனங்கள் சட்டி பானையைத் தட்டிக் கத்தியபோது, மனுஷர் அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார். உருகுவே நாட்டு மொண்டேவிடேயோவில் இருக்கும் அவர் மகள் தயாமிக்கு அது பிரசவ மாதம். வெளிநாட்டுக்குச் சாதாரண அழைப்பு போட அவருக்குக் கட்டுப்படியாகாது. இணையம் இருந்தால்தான் மகள்.

லைனில் பழுது என்று ஓடால்மிஸ் சொன்னாள். சரி, அதோடு வாயை மூடியிருக்கலாம். பொய் நிஜம் மாதிரி இருக்க வேண்டுமே என்று, உங்கள் போனும் ரொம்பப் பழசு, அதில்கூடக் கோளாறு இருக்கலாம் என்று ஒட்டுப்போட்டாள். பாவி, அதை யார் கேட்டார்கள்?

அந்த வாரமே எவேலியோ தன் விசிறியை விற்றார். கரண்ட் இல்லாதபோதும் ஓடுகிற, மகள் அனுப்பிய விசிறி. அதை விற்று ஒரு போன் வாங்கியிருக்கிறார் என்று கணவன் சாப்பிடும்போது சொன்னான். ஓடால்மிஸ் கறுப்பு பீன்ஸ் சோற்றைத் தள்ளிவைத்தாள். எதிர்வீட்டில் மனிதர் வியர்வையில் புரண்டுகொண்டிருப்பார் என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது. ஆனாலும் போய் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும்.

சில நாள் கழித்து அவரே அலுவலகத்துக்கு வந்தார். கடைசி ஆள் யார் என்று கேட்டு வரிசையில் நின்று, முறை வந்ததும் புதுப் போனை அவள் முன்னால் வைத்தார். பேத்தி பிறந்திருக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரி மூலம் சேதி வந்தது, முகம்தான் இன்னும் பார்க்கவில்லை என்றார். அவருக்குப் போனை இரவல் கொடுக்கத் தெருவில் எல்லோருக்கும் பயம். ஓடால்மிஸ் சிம்மைக் கழற்றினாள், துடைத்தாள், திரும்பப் போட்டாள். என்னத்தையோ செய்கிற மாதிரி காட்ட வேண்டாமா?

"தெருவுல எல்லாரும், உன் லைனை வெட்டிட்டாங்கய்யான்னு சிரிக்கிறாங்க," என்றார் அவர் தாழ்ந்த குரலில். "ஓடால்மிஸ் அங்கதானே இருக்கா, அப்படின்னா எங்கிட்ட சொல்லாம இருப்பாளான்னு நான்தான் மல்லுக்கு நிக்கிறேன்."

அவளால் நிமிர முடியவில்லை.

"உன் போனைக் கொஞ்சம் தாயேன்மா. பிள்ளை முகத்தைப் பாத்துட்டுக் குடுத்துடறேன்."

தன் எண்ணுக்கும் அந்த வரி வந்துவிட்டால்? "என்னோடதுலயும் பழுதுண்ணே," என்றாள். அந்த நல்ல குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

அவள் கைப்பையில் வீடியோ அழைப்பு மணி அடித்தது. மயாமியில் இருக்கும் தங்கையாகத்தான் இருக்கும். அது அடித்து ஓய்ந்தது. ஓடால்மிஸுக்கு உடம்பெல்லாம் கூசிக் குறுகியது. எவேலியோ பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தன் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பயந்துட்டியா? உனக்கும் பிள்ளைங்க இருக்கு. விடும்மா," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அதற்குப் பிறகும் வழியில் பார்த்தால் எப்போதும் போலத் தலையசைக்கிறார். இணையம் இன்னும் வரவில்லை. ஓடால்மிஸ் அங்கே இருந்துமா உனக்கு இந்தக் கதி என்று தெருவில் யாராவது கேட்டால், அவள் காதில் விழும்படியே சொல்கிறார்: "லைன்ல பழுதுப்பா. அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?"