மூன்று மாதத்தில் காலாவதியாகும் கல்யாணம்

எழுபதுகளின் தொடக்கத்தில் போர்ட் பிளேர் தந்தி ஆபீசில் கவுண்டர் கிளார்க்காக இருந்தேன். வயது இருபத்து நான்கு. அப்பா கட்டட வேலையில் மேஸ்திரி. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே ராமநாதபுரம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்து, ஷாதிபூரில் தகரக் கூரை போட்டு வீடு கட்டிக்கொண்டவர். கடலுக்கு அப்பாலுள்ள மெயின்லேண்டை நான் இரண்டே தடவைதான் பார்த்திருந்தேன்.

அந்த வருடம் எஞ்சின் பழுதான ஒரு சரக்குக் கப்பலை எங்கள் துறைமுகத்துக்கு இழுத்து வந்தார்கள். அதன் இரண்டாவது எஞ்சினியர் பினாங்குத் தமிழர். உதிரிபாகம் எப்போது வரும் என்று கப்பல் கம்பெனிக்குத் தந்தி கொடுக்க தினமும் வருவார். முதல் நாள் அவர் எழுதி நீட்டிய தாளில் முப்பத்தெட்டு வார்த்தைகள் இருந்தன. நான் அதைப் பதினொன்றாக வெட்டித் திருப்பிக் கொடுத்தேன்.

“அர்த்தம் மாறல லா?” என்றார். பேச்சின் முடிவில் ‘லா’ போடுவது பினாங்கு வழக்கம்.

“நீங்களே படிச்சுப் பாருங்க.”

படித்துவிட்டுச் சிரித்தார். மறுநாளிலிருந்து இன்னும் நீளமாக எழுதிக்கொண்டு வந்தார். நான் வெட்டுவதைப் பார்ப்பதற்காகவே எழுதுகிறார் என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது.

உதிரிபாகம் வர நான்கு மாதம். அது வந்து சேர்ந்ததில் இரண்டு பேருக்கு மட்டும் சந்தோஷமில்லை. கப்பல் கிளம்புவதற்கு முந்தின வாரம் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து பெண் கேட்டார். அப்பா அவருடைய பூர்வீகம், சம்பளம், குடிப்பழக்கம் எல்லாவற்றையும் விசாரித்தார். மூன்று நாள் யோசித்தார். பிறகு சரி என்றார். அம்மாவுக்கு ஒரே கவலைதான்.

“கடல் தாண்டிப் போகணுமே இவ.”

“நாம என்ன நடந்தா வந்தோம்?” என்றார் அப்பா.

இதுவரைக்கும் எல்லாம் சுலபமாக நடந்தது. அவர் பினாங்கு போய்ச் சேர்ந்து எழுதிய முதல் கடிதத்தில்தான் சிக்கல் தொடங்கியது. அவருடைய நாட்டில் எனக்கு நுழைவு அனுமதி வேண்டுமென்றால், சர்க்கார் பதிவு செய்த கல்யாணச் சான்றிதழ் இருக்க வேண்டுமாம். கோயிலில் தாலி கட்டிய போட்டோவெல்லாம் செல்லாதாம். அவருக்கு இந்தியா வெளிநாடு. எங்கள் தீவோ, வெளிநாட்டுக்காரர் தனி பெர்மிட் இல்லாமல் காலே வைக்க முடியாத இடம். பழுதான கப்பலோடு வந்து இறங்கியவரை அன்று யாரும் தடுக்கவில்லை. மாப்பிள்ளையாக வருவதற்கு டில்லி சம்மதிக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை பதிவு அதிகாரியின் ஆபீசுக்குப் போனேன். அங்கே ஹெட் கிளார்க் ஒரு வயதான வங்காளி. விஷயத்தைச் சொன்னதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“லட்கா ஃபாரினர் ஹை? பஹலி பார், பேட்டீ! பஹலி பார்!”

அவருடைய சர்வீசில் வெளிநாட்டு மாப்பிள்ளை வருவது அதுதான் முதல் தடவை. அலமாரியைத் திறந்து சட்டப் புத்தகத்தை எடுத்தார். விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, தனக்கே கல்யாணம் போல உற்சாகமாக வாசித்து விளக்கினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது முப்பது நாள் பலகையில் தொங்கும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அதிகாரி முன்னால், மூன்று சாட்சிகளோடு கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகவில்லை என்று அவர் ஊரிலிருந்து சத்தியப் பத்திரம் வர வேண்டும். கடைசியாக விரலை உயர்த்தி ஒன்று சொன்னார். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் நோட்டீஸ் காலாவதி. மறுபடி முதலிலிருந்து.

நோட்டீஸ் படிவத்தைக் கையெழுத்துக்காகப் பினாங்குக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. ‘வசிப்பிடம்’ என்ற இடத்தில் அவர் கப்பலின் பெயரை எழுதியிருந்தார். ஹெட் கிளார்க் தலையில் கை வைத்துக்கொண்டார். இன்னொரு படிவம், இன்னொரு மாதம். இந்தத் தடவை வீட்டு விலாசம், சத்தியப் பத்திரம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. நோட்டீஸைப் பலகையில் ஊசி குத்தி மாட்டியதும் கிட்டே போய் நின்று படித்தேன். என் பெயரும் அவர் பெயரும் ஒரே தாளில், அடுத்தடுத்து, டைப் அடித்து!

இரண்டு நாளில் ஊர் முழுக்கப் படித்துவிட்டது. பத்துபஸ்தியிலிருந்து தந்தி கொடுக்க வந்த ஒரு அம்மாள் கவுண்டருக்குள் எட்டிப் பார்த்து, “நீதானா அது?” என்று கேட்டுவிட்டு, தந்தி கொடுக்க மறந்தே போய்விட்டாள்.

இருபதாம் நாள் ஹெட் கிளார்க் ஆள் அனுப்பினார். பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெர்ரியில் வந்த ஒரு கடைக்காரர் ஒரு மணி நேரமாக என் நோட்டீஸ் முன்னாலேயே நிற்கிறாராம், அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். ஆட்சேபணையாகத்தான் இருக்கும் என்று அப்பாவும் நானும் ஓடினோம். அந்த மனிதரை எங்களுக்குத் தெரியவே தெரியாது. அவர் தயங்கித் தயங்கி அப்பாவிடம் கேட்டார்: “எம் பொண்ணு ஒரு தெலுங்குப் பையனைக் கட்டிக்கிறேங்குது. இந்த மாதிரி நோட்டீஸ் ஒட்ட என்ன செய்யணும் அண்ணே?” அப்பா அவரை ஆபீசுக்கு உள்ளே கூட்டிப்போய், பழம் தின்று கொட்டை போட்டவர் மாதிரி எல்லாவற்றையும் விளக்கினார்.

முப்பது நாள் முடிந்தது. ஆட்சேபணை இல்லை. ஆனால் பெர்மிட் வரவில்லை. அவர் லீவு போட்டுவிட்டு மதராசுக்கே வந்து காத்திருந்தார். பினாங்கிலிருந்து மதராஸ் வரும் கப்பல் எங்கள் தீவுகளைக் கடந்துதான் போகும். ‘ராத்திரி உங்க பக்கத்து விளக்கு தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, குதிச்சு நீந்திடலாமான்னு பார்த்தேன்’ என்று எழுதியிருந்தார். இரண்டு மாதமும் போய், மூன்றாவது மாதத்தில் பாதியும் போனது.

ஒரு நாள் மத்தியானம், உள் அறையில் வயர்லெஸ் செய்தி வாங்கிக்கொண்டிருந்த ஆபரேட்டர் ஹெட்போனோடு எழுந்து நின்று கத்தினார். “உனக்குத்தான்! பெர்மிட் கிடைச்சிருச்சு! கப்பலேறிட்டாராம்!”

நான் கவுண்டரில் இருந்தவரின் தந்தியில் இரண்டு தடவை முத்திரை குத்தினேன்.

மதராசிலிருந்து கப்பல் வர நான்கு நாள். நோட்டீஸ் காலாவதியாக ஐந்து நாள். நடுவில் கடல் கொந்தளித்து, கப்பல் ஒரு நாள் தாமதம். கடைசி நாள் காலையில் கப்பல் கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? ஜெட்டியில் வேறு கப்பல் நின்றதால் வெளியே நங்கூரம் போட்டுவிட்டார்கள். பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு பத்து மணியிலிருந்து ஜெட்டியில் நின்றேன். ஒரு மணிக்கு மேல்தான் கப்பல் கரைக்கு வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். வெளிநாட்டுக்காரர் கடைசியாகத்தான் இறங்க வேண்டுமாம். ஒருவழியாக அவர் இறங்கினார், இளைத்துப்போய், கையில் ஒரு பெட்டியோடு, பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிளோடு.

“நாலரைக்கு ஆபீஸ் மூடிருவாங்க. ஓடி வாங்க!” என்றேன். இத்தனை மாதம் கழித்துப் பார்த்தவரிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

கான்ஸ்டபிள் ராஞ்சிக்காரர். அசையாமல் நின்றார். “பஹலே தானா, ஃபிர் ஷாதி.”

முதலில் ஸ்டேஷன், பிறகுதான் கல்யாணம். நான் கெஞ்சவில்லை, நோட்டீஸின் நகலை எடுத்து நீட்டினேன். தேதியைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் எங்களைவிட வேகமாக அவர்தான் நடந்தார். ஸ்டேஷனில் வரிசையில் நின்றவர்களை விலக்கி, வெளிநாட்டினர் பதிவேட்டில் மாப்பிள்ளையின் பெயரை ஏற்றவைத்து, “சலோ, சலோ” என்று எங்களோடேயே ஸ்டேஷன் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

பதிவு ஆபீசில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். மூன்றாவது சாட்சியாக வர வேண்டிய என் சிநேகிதி இல்லை. அவள் பாம்பூஃப்ளாட்காரி. காற்று அதிகம் என்று ஃபெர்ரியை நிறுத்திவிட்டார்களாம். மணி நான்கு. ஹெட் கிளார்க் வாசலைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு கான்ஸ்டபிளைப் பார்த்தார்.

“ஆப் சாக்ஷி பனேங்கே?” நீங்கள் சாட்சியாக இருக்கிறீர்களா என்று கேட்டார்.

கான்ஸ்டபிள் தொப்பியைச் சரி செய்துகொண்டு, “க்யோங் நஹீங்?” என்றார். ஏன் கூடாது என்று அர்த்தம்.

அதிகாரி வடநாட்டுக்காரர், அதிகம் பேசாதவர். எப்படிக் கல்யாணம் செய்துகொள்வது எங்கள் இஷ்டம், ஆனால் ஒருவரையொருவர் சட்டப்படி ஏற்கிறோம் என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இருவருக்கும் புரிகிற மொழியில் சொன்னால் போதும் என்றார். அம்மா அதற்காகவே காத்திருந்தவள் போல, மடியிலிருந்து தாலியை எடுத்து மேஜையில் பைல்களுக்கு நடுவே வைத்தாள்.

அவர் என்னைப் பார்த்து, “உன்னை என் மனைவியா சட்டப்படி ஏத்துக்கிறேன்” என்றார். முதல் தடவையாக என்னை ‘உன்னை’ என்றார். நானும் சொன்னேன். தாலி கட்டினார். மின்விசிறிக் காற்றில் அட்சதை பைல்கள் மேலெல்லாம் பறந்தது.

அதிகாரி பேனாவைத் திறக்கவில்லை. “என்ன சொன்னார்கள்? எனக்குத் தெரிய வேண்டுமே” என்று இந்தியில் கேட்டார். ஹெட் கிளார்க்குக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தி தண்ணீர்பட்ட பாடு, ஆனால் அந்த நிமிடம் ஒரு சொல்லும் வரவில்லை. அப்பா முன்னால் வந்தார். அவருக்குத் தெரிந்தது சிமெண்டும் மணலும் கலந்த கட்டட வேலை இந்தி.

“சாப், இஸ்னே போலா, ஏ லட்கி ஹமாரா பீவி. உஸ்னே போலா, ஏ ஆத்மி ஹமாரா மரத். கானூன் ஸே. ஏக்தம் பக்கா!” இவள் என் பெண்டாட்டி என்று இவரும், இவர் என் புருஷன் என்று இவளும் சொல்லிவிட்டார்கள், சட்டப்படி, ரொம்பப் பக்கா என்றார்.

“பக்கா?”

“பக்கா, சாப். டூட்டேகா நஹீங்.” உடையாது என்று, கட்டிய சுவருக்கு உத்தரவாதம் கொடுப்பது போலச் சொன்னார்.

அதுவரை சிரிக்காத அதிகாரி சிரித்துவிட்டார். பேனாவைத் திறந்தார். நாங்கள் கையெழுத்துப் போட்டோம். அப்பா போட்டார். அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். கான்ஸ்டபிள் பெயர், பதவி, ஸ்டேஷன் எல்லாம் விவரமாக எழுதினார். நாலே காலுக்கு நான் சட்டப்படி கல்யாணமானவள். ஹெட் கிளார்க் மேஜை டிராயரைத் திறந்து எல்லாருக்கும் சந்தேஷ் என்ற வங்காளி இனிப்பைக் கொடுத்தார். காலையிலேயே வாங்கி வைத்திருக்கிறார்.

என் கணவருக்குப் பெர்மிட் பதினைந்து நாள்தான். பதினாறாவது நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். சான்றிதழின் நகல் அவரோடு பினாங்கு போனது, எனக்கு நுழைவு அனுமதி வர இன்னும் ஐந்து மாதம் ஆனது. வேலையை ராஜினாமா செய்துவிட்டு, மதராஸ் போய், அங்கிருந்து கப்பலேறினேன்.

பினாங்குத் துறைமுகத்தில் அவருடைய அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று, என் முகத்தைக் கூர்ந்து பார்த்தபடி, இத்தனை மாதமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டார்.

“கல்யாணப் பேப்பர்ல சாட்சின்னு போலீஸ்காரர் கையெழுத்து இருக்கேம்மா. எம் மவன் அங்க வந்து என்னா செஞ்சான்?”

டிரங்குப் பெட்டியின் மேல் மாமியாரை உட்காரவைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.