விடுதலைப் பத்திரமும் எங்கள் மூன்று பேர் கமிட்டியும்

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் புறநோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், வாய் சும்மா இருக்காது, சிரிப்பு வந்துவிட்டால் நிறுத்தத் தெரியாது. சர்ச்சில் ஜெபம் நடக்கும்போது சிரித்ததற்காக இரண்டு முறை வெளியே அனுப்பப்பட்டவள் நான். எழுபதுகளின் கடைசியில் ஒரு முழு வாரம் நான் சிரித்துத் தீர்த்ததை இப்போது நினைத்தாலும் வயிறு வலிக்கிறது. கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

மாதா மாதம் வலிப்பு மாத்திரை வாங்க எங்களிடம் ஓர் அக்கா வருவாள். நாற்பது வயதிருக்கும். லுங்கி நெய்கிற குடும்பம். வீட்டிலேயே உட்கார்ந்து தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுப்பாள். எண்ணத் தெரியாது, தனியாக பஸ் ஏறத் தெரியாது, யார் அன்பாகக் கூப்பிட்டாலும் பின்னாலேயே போய்விடுவாள். அப்பா அம்மா காலமான பிறகு அவளும் ஒரு தம்பியும் மட்டும்தான். வீடு இருவர் பேரிலும் இருந்தது. தம்பிக்கு ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் புதிதாக வேலை கிடைத்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தத் தம்பி என் ஜன்னலில் வந்து நின்றான். கூடவே அக்கா.

"மேடம், இவங்கள ஒரேடியா இங்கயே வெச்சிக்க முடியுமா?"

"இது ஆஸ்பத்திரிப்பா, குடோன் இல்ல" என்றேன்.

"அப்ப வேற எங்கனா பாக்கணும்" என்று முணுமுணுத்துவிட்டு அவளை இழுத்துக்கொண்டு போனான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

அரை மணி நேரத்தில் பத்திரம் எழுதுகிற பாய், சர்க்கரைக்குச் சோதனை செய்துகொள்ள வந்தார். அவர் மேசை ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் இருந்தது. ஊரில் யார் யாருக்கு எதை எழுதிக் கொடுத்தாலும் அவர் கைதான் எழுதும். அந்தத் தம்பி அவரிடமும் போயிருக்கிறான். அக்கா தன் பாதி வீட்டைத் தம்பிக்கு விட்டுக் கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரம் எழுத வேண்டுமாம். அதன் பிறகு வீட்டை விற்றுவிட்டு அவன் ஆம்பூருக்குப் போய்விடுவானாம்.

"அந்தம்மா எங்க போவாங்க பாய்?"

"அதாம்மா எனக்கும் பேஜாரா இருக்கு. அந்தம்மாவுக்கு வெவரம் பத்தாதுன்னு டாக்டர் ஒரு லெட்டர் குடுத்தா, ஆபீசர் பதிவு பண்ண யோசிப்பார். இல்லன்னா பத்து நிமிஷம். கைரேகை வெச்சா முடிஞ்சிடும்."

டாக்டரோ அமிர்திப் பக்கம் மலைக் கிராமங்களுக்கு கேம்ப் போயிருந்தார். அடுத்த திங்கட்கிழமைதான் வருவார். அங்கே போனும் கிடையாது, தந்தியும் போகாது.

பாய்க்குப் பின்னால் வரிசையில் ஒரு அடிதடிக் கேசுக்குக் காயச் சான்றிதழ் வாங்க வந்த ஏட்டு நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே மீசையைத் தடவினார். "ஒரு வாரம்தானே? கவர்மென்ட்ல ஒரு வாரம் இழுக்கறது ஒரு கஷ்டமா?" என்றார்.

அவ்வளவுதான். ஊசி போடும் அறை வாசலில் கிடந்த பெஞ்சில் எங்கள் கமிட்டி பிறந்தது. ஆஸ்பத்திரி, ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல், போலீஸ் ஸ்டேஷன் என மூன்று இடத்திலும் ஊர் ஜனங்கள் "போய் நாளைக்கு வா" என்பதைக் கேட்டுக் கேட்டு வயிறெரிந்தவர்கள். முதல் தடவையாக அதை ஒரு நல்ல காரியத்துக்காகச் சொல்லப் போகிறோம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை, ஸ்டாம்ப் பேப்பர் ஸ்டாக் இல்லை என்று பாய் திருப்பி அனுப்பினார். பேப்பர் கட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தாராம். புதன்கிழமை பத்திரத்தை எழுதினார். ஆனால் கிழக்கே இருக்க வேண்டிய கால்வாயை மேற்கே தள்ளி, பக்கத்து வீட்டைத் தூக்கிக் கால்வாய்க்குள் வைத்துவிட்டார். அதைத் திருத்தி எழுத இன்னொரு நாள்.

என் பங்குக்கு நான், பத்திரத்தோடு வைக்க அக்காவுக்கு இங்கே வைத்தியம் நடப்பதற்கு ஒரு சான்று வேண்டும், அதற்கு அவள் முதன்முதலில் வந்த நாளின் சீட்டு வேண்டும் என்றேன். எட்டு வருஷத்துக்கு முந்தைய சீட்டு! ஆள் அதோடு தொலைந்தான் என்று நினைத்தேன். மறுநாளே கொண்டு வந்துவிட்டான். ஓரமெல்லாம் எலி கடித்திருந்தது. "இதுல சீல் சரியா தெரியலையே" என்று சொல்லிவிட்டு, பேனா விழுந்த மாதிரி மேசைக்கு அடியில் குனிந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கினேன். நிமிர்ந்தபோது தம்பி போயிருந்தான். எதிர் பெஞ்சில் அக்கா உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைரேகை எப்போது கேட்பார்களோ என்று போகிற இடமெல்லாம் அவளையும் அவன் கூட்டிப் போனான்.

வெள்ளிக்கிழமை ஏட்டின் முறை. "உன் பேர்ல ஒரு விசாரணை" என்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். தாத்தா பேர் என்ன, தாத்தாவுடைய தாத்தா பேர் என்ன, சின்ன வயதில் அம்மை போட்டதா என்று மத்தியானம் வரை எழுதினாராம். என்ன விசாரணை என்பது அவருக்கே தெரியாது. சாயங்காலம் அதை அவர் நடித்துக் காட்டியபோது எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சனிக்கிழமை ஒரு நாளைத் தள்ளிவிட்டால் போதும், ஜெயித்துவிட்டோம்.

ஆனால் ஒருவருக்குச் சொல்ல மறந்துவிட்டோம். மறந்தோம் என்று சொல்லக்கூடாது, பயந்தோம். நாட்றம்பள்ளிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி அந்த வெள்ளிக்கிழமைதான் ஒரு புது ரிஜிஸ்திரார் வந்து சேர்ந்திருந்தார். ஆபீசரிடம் போய் எப்படிப் பேசுவது? அந்த மனிதருக்கு நிலுவை என்ற சொல்லே ஆகாது. வாசலில் வாடிப் போய் நின்ற தம்பியைப் பார்த்திருக்கிறார். விசாரித்திருக்கிறார். "ஒரு ஏழையை இப்படியா அலைக்கழிப்பீங்க?" என்று பியூனை நாலா பக்கமும் விரட்டி, வேண்டிய காகிதத்தையெல்லாம் ஒரே மணி நேரத்தில் சேர்த்துவிட்டார். சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பதிவு.

பத்தே முக்காலுக்குத்தான் பாய் மூச்சு வாங்க ஓடி வந்து சொன்னார். "மோசம் போய்ட்டோம்மா!"

நான் சீட்டுக் கட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வழியில் ஏட்டு சைக்கிளில் வந்தார். பின்னால் ஏறிக்கொண்டேன். பாய் ஒரு கையால் கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார். சைக்கிளுக்கு பிரேக் இல்லை. ஒரு மாட்டு வண்டி நிறையத் தோல் வந்துகொண்டிருந்தது, அதில் போய்த்தான் முட்டி நின்றோம். அந்த நாற்றத்தோடு ஆபீசர் அறைக்குள் நாங்கள் நுழைந்தபோது, மை தடவிய பலகை மேசை மேல் தயாராக இருந்தது.

"யார் நீங்க மூணு பேரும்?"

"சார், டாக்டர் திங்கட்கிழமை வந்துடுவார்" என்றேன்.

"அந்தப் பத்திரம் தப்பு சார், கால்வாய் சரியில்ல" என்றார் பாய்.

"லா அண்ட் ஆர்டர் சார்" என்று ஏட்டு சல்யூட் அடித்தார்.

"கொஞ்சம் வாயை மூடறீங்களா?" என்றார் ஆபீசர். பிறகு நாற்காலியைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். "அம்மா, இது என்ன பேப்பர்னு தெரியுமா?"

"தெரியும். வூட்ட தம்பிக்குக் குடுக்கறது."

"குடுக்கிறீங்களா?"

"ம்ஹூம். குடுத்துட்டா நான் எங்க படுப்பேன்?"

ஆபீசர் மெதுவாகக் கேட்டார்: "இதை ஏம்மா முன்னாடியே யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கல."

அவர் மைப் பலகையை மூடினார். எழுதிக் கொடுப்பவருக்குச் சம்மதம் இல்லை, பதிவு கிடையாது என்று பத்திரத்தின் மேல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். டாக்டரும் வேண்டாம், லெட்டரும் வேண்டாம். ஒரு வாரமாக நாங்கள் ஆடிய கூத்தில் முடியாததை ஒரு கேள்வி முடித்துவிட்டது.

வெளியே வந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் கையைப் பிடித்து, "ஜெயிச்சிட்டோம்கா!" என்று குதித்தேன். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"நீ ஏன் பாப்பா எந்தம்பியைப் பாத்து சிரிச்சிக்கினே இருந்தே? அவன் நாலு நாளா சோறு துன்னல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தம்பி படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். இருபது வயது இருந்தால் அதிகம். ஜன்னலில் பார்த்தபோது பெரிய ஆள் மாதிரித் தெரிந்தான். "அஞ்சு ஆம்பளைங்க தங்கற ரூம் சார். அங்க எப்படி நான் அக்காவ வெச்சிப்பேன்? இங்க தனியா உட்டா யார் பாப்பா?" என்று ஏட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவனையும் நாங்கள் கேட்டதில்லை. அந்த நாலு தலைமுறை விசாரணையில்கூட.

பாய் எல்லோரையும் எதிர்க் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். சாப்பிட்டுக்கொண்டே பேசினோம். பாதி வீட்டில் குடிவைக்கத் தனக்குத் தெரிந்த ஒரு தறிக்காரக் குடும்பம் இருக்கிறது, அந்தம்மா ரொம்ப நல்லவள் என்றார் பாய். ரோந்து போகும்போது எட்டிப் பார்க்கிறேன் என்றார் ஏட்டு. மாத்திரையை வாரா வாரம் நானே கொண்டு போய்க் கொடுப்பதாகச் சொன்னேன். தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இருப்பதாகச் சொன்னான். ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு, மேசையைத் தட்டிக்கொண்டு, எனக்கு மறுபடி குஷி பிறந்துவிட்டது.

அக்கா மட்டும் தோசையைத் தொடவில்லை. "அப்ப நாளைக்கு நான் வூட்லதானே இருப்பேன்?" என்று கேட்டாள்.

"இருப்பேக்கா!" என்றோம் மூன்று பேரும் ஒரே குரலில்.

அவள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. தம்பி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குனிந்தபடி, "இருப்பேக்கா" என்று சொன்ன பிறகுதான் தோசையைப் பிய்த்தாள்.