பிடியரிசிக்குக் கிரேக்க வேற்றுமை

பாளையங்கோட்டை வேதக்கோயிலை ஒட்டிய சின்ன அறையில்தான் எனக்குக் குருப்பட்டத் தேர்வு. முந்தின முறை கிரேக்கத்தில் கவிழ்ந்திருந்தேன். இம்முறையும் கவிழ்ந்தால் ஆயுசுக்கும் ஊர்ச்சபையில் ஜெபம் நடத்தும் உபதேசியார்தான், பட்டம் பெற்ற குருவாக, அதாவது ஐயராக, முடியாது.

வாசலில் காத்திருந்த நாங்குநேரிப் பக்கத்து உபதேசியார் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னவே, சட்டை இப்படி நனைஞ்சிருக்கு? ஆத்துல முங்கிட்டு நேரா வாரீரோ?"

"வேர்வைவே. சும்மா கெடயும்."

கிரேக்கப் பெயர்ச்சொற்களைக் கீர்த்தனை மெட்டில் ஏற்றித்தான் நான் மனனம் செய்திருந்தேன். மெட்டு இல்லாவிட்டால் ஒன்றும் வராது. உள்ளே பரீட்சை நடத்தும் மிஷனரித் துரை சன்னல் வழியே முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பெண்கள் பிடியரிசிப் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி எடுத்துவைத்த அரிசி. துரைக்கு அதிலிருந்து கேள்வி கிடைத்துவிட்டது.

"அரிசிக்குக் கிரேக்கத்தில் 'ஒருஸா'. வேற்றுமைகளைச் சொல்லும்."

நான் படித்ததோ புதிய ஏற்பாடு. அதில் அரிசியே கிடையாது! தெரிந்த மெட்டுகளையெல்லாம் மனசுக்குள் புரட்டினேன். அப்புறம்தான் உறைத்தது: மகிமையைக் குறிக்கும் 'டொக்ஸா' போலத்தானே இதுவும் முடிகிறது? அந்த மெட்டையே பிடித்தேன். பயத்தில் குரல் கோயில் அதிரக் கிளம்பியது.

"ஒருஸா, ஒருஸேஸ்..."

அடுத்தது மறந்துபோயிற்று.

உபதேசியார் ஓரடி பாடினால் சபை அதைத் திருப்பிப் பாடுவது எங்கள் வழக்கம். முற்றத்துப் பெண்கள் முழுக்குரலில் எடுத்தார்கள்: "ஒருஸா, ஒருஸேஸ்..." அவர்கள் முடிப்பதற்குள் எனக்கு மறு அடி வந்துவிட்டது. "ஒருஸே, ஒருஸன்." அதையும் விடாமல் பாடினார்கள்.

துரை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு சொல்லின் பிறப்பைக் கேட்டார்.

"நம்ம அரிசிதான் துரையே, கப்பலேறிப் போயிருக்கு."

இருக்கலாம், வேறு நாட்டு வழியாகவும் போயிருக்கலாம், நிச்சயமில்லை என்றார் துரை. தேறினேன் என்பது மட்டும் நிச்சயம்.

வெளியே வந்ததும் ஓர் அம்மாள் மறித்தாள். "புதுக் கீர்த்தனை நல்லாருக்கு. என்ன அர்த்தம் ஐயரே?" முதன்முதலில் என்னை அப்படி அழைத்தவள் அவள்தான்.

"அரிசிம்மா. அரிசியின், அரிசிக்கு, அரிசியை."

இடுப்பிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். "இதையா இத்தன வருசமும் பாடாமப் பொங்கித் தின்னோம்?"

தமிழில் அஃறிணையாகக் கிடக்கும் அரிசி கிரேக்கத்தில் பெண்பால். மகிமைக்குள்ள விகுதிகளையே உடுத்தியிருக்கிறது. பிடியரிசியை வாங்கி ஜெபிக்கும்போதெல்லாம், இன்றும் அந்த மெட்டு என் தொண்டைவரை வந்து நிற்கிறது.