பினாங்கைவிடக் கிட்ட இருந்த லண்டன்

இப்போதெல்லாம் இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கைப்பேசியில் தட்டினால் தூரமும் பறக்கும் நேரமும் உடனே வந்து நிற்கின்றன. கேட்காவிட்டாலும் சொல்லிவிடும் போலிருக்கிறது. நான் அரசாங்க அலுவலகத்தில் பயணப்படிக் கோரிக்கைகளைச் சரிபார்த்தே ஓய்வுபெற்றவள். எந்தப் பயணத்தை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று விதி எண்ணோடு சொல்லுவேன். ஆனால் என் முதல் பயணக் கணக்கை ஒரு விதியும் தெரியாமல்தான் போட்டேன். அது ஒரே நிமிடத்தில் அங்கீகரிக்கப்பட்டது.

அப்பா மலாக்காவை அடுத்த லூபோக் சீனா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அக்காவுக்கு லண்டனில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா சம்மதித்துவிட்டார், அதாவது, அம்மாவைக் கேட்டுக்கொள் என்றார். அம்மாவிடம் இருந்தது ஒரே சட்டம்.

“ராத்திரி பஸ் ஏறினா காலையில வந்து சேரணும். பினாங்கு வரைக்கும் போ. அதுக்கு மேல பொட்டப்புள்ளைக்கு என்ன ஊரு?”

அக்கா அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். சட்டம் அசையவில்லை. கடைசியில் என் பள்ளி அட்லஸையும், மலாக்காவில் வாங்கிவந்த விமானக் கால அட்டவணையையும் என் முன்னால் வைத்தாள்.

“கணக்குல நீதானே கெட்டிக்காரி. அம்மாவுக்கு அளந்து சொல்லு லா.”

அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்து, விமானம் கிளம்பும் சுபாங்கிலிருந்து லண்டன்வரை பிடித்தேன். ஒரு சாண்கூட வரவில்லை. உருண்டை பூமியைத் தட்டைத் தாளில் அளந்தால் தூரம் தப்பாக வரும் என்பதெல்லாம் பிற்பாடு படித்தது. அடுத்து அட்டவணை. இரவு பத்துக்கு ஏறினால் காலை ஏழுக்கு லண்டன். கழித்தேன். லண்டன் கடிகாரம் அந்தக் காலத்தில் நம்முடையதைவிட ஏழரை மணி நேரம் பின்னால் ஓடியது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

“ஒம்போதே மணி நேரம்மா! பினாங்கு பஸ்ஸுக்கே பத்து ஆகும்!”

அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். அக்கா கூரையைப் பார்த்தாள். அம்மா நூலை என்னிடமிருந்து வாங்கி விரலில் சுற்றினாள்.

“பினாங்கைவிடக் கிட்டவாடி?”

“ஆமாம்மா.”

அம்மா அக்காவை ஒருமுறை பார்த்தாள். “அப்புறம் என்ன? கிட்டத்தானே இருக்கு. போகட்டும்.”

சில வாரங்களில் சுபாங்குக்குப் போய் அக்காவை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பினோம்.

எங்கள் வீட்டில் ஒருவர் பயணம் போனால், அவர் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டுவதில்லை, தலைக்குக் குளிப்பதில்லை. மறுநாள் காலை ஏழடித்ததும் நான் துடைப்பத்தோடு போய் நின்றேன்.

“அக்கா இறங்கியாச்சு. கூட்டலாம்மா.”

அம்மா துடைப்பத்தைப் பிடுங்கி மூலையில் சாத்தினாள். “இன்னும் மேலதான் இருக்கா. சும்மா இருடி.”

அட்டவணையைக் கொண்டுவந்து காட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்களுக்குச் சோறு போட்டாள், தான் தட்டைத் தொடவில்லை. சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். பிற்பகல் இரண்டரை ஆனது. தந்தி வரவில்லை, சேதி சொல்லவும் யாரும் வரவில்லை. அம்மா எழுந்து வாசல்வரை கூட்டினாள். தலைக்குக் குளித்துவிட்டு வந்து, ஆறிப்போன சோற்றைப் பிசைந்து மெதுவாகச் சாப்பிட்டாள்.

பாவம், அம்மாவுக்குக் கழித்தல் வராது என்று நினைத்துக்கொண்டேன்.