ஒரு மணிக்கு இறங்கும் ஷட்டர்

மாவு மில்லின் ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. சுந்தரேஸ்வரி மாவு படிந்த முந்தானையை உதறிக்கொண்டே, மிளகாய் வத்தல் பையோடு மூச்சிரைக்க வந்து நிற்பவரிடம் சொல்கிறாள்: "நாளைக்கு வாங்க. மில்லு எங்கயும் ஓடிப்போயிராது." மத்தியானம் மணி ஒன்று.

எதிரே பலசரக்குக் கடையில் சங்கரபாண்டியனுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. விடியுமுன் கடை திறந்து, நாகலாபுரம் ஊரே அடங்கிய பிறகு சாத்துகிற மனிதர் அவர். மத்தியானச் சாப்பாடும் கல்லாப்பெட்டி மேலேயேதான். "கரண்டு இருக்கு, மிஷினு இருக்கு, வாசல்ல ஆளு நிக்கி. இவளுக்கு என்ன கேடு?" என்று வருகிறவர்களிடமெல்லாம் அங்கலாய்ப்பார். மில் சாத்தினால் அவருடைய பாக்கெட் மசாலா விற்கும், லாபம்தான். ஆனாலும் வயிறு எரிகிறதே, அதை என்ன செய்ய?

மாசியில் புது வத்தல் இறங்கும்போதுகூட மில்லில் அவள் வைத்ததுதான் சட்டம். யார் முதலில் வந்தார்கள் என்பதற்கு அங்கே மதிப்பில்லை. முதலில் அரிசி, அப்புறம் கம்பு, கோதுமை, பிறகு மல்லி, கடைசியில்தான் வத்தல். வாளியையும் பையையும் காலையிலேயே வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். "ஆளுக்கு ஆளு மிஷினைத் தட்டித் தொடைச்சுக்கிட்டு இருந்தா பொழுது அதுலயே போயிரும்லா" என்பாள், புருவம் வரை வெளுத்த முகத்தோடு. ஆரம்பத்தில் ஏசினார்கள். இப்போது கல்யாண வீட்டுக்காரர்களே முந்தின நாள் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். மில் சாத்தியிருந்ததால் குழம்பு கொதிக்காத வீடு ஊரில் ஒன்றுகூட இல்லை. சங்கரபாண்டியனுக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

ஒருநாள் கேட்டே விட்டார். "எல்லாரும் ஒன்ன மாதிரி ஒரு மணிக்குச் சாத்திட்டா ஊரு என்னத்துக்கும்மா ஆகும்?"

"சாயங்காலமும் ஓட்டுனா சாயங்காலமும் வருவாவ. அதே வத்தல்தான அண்ணாச்சி? என் சோலி முடிஞ்சிட்டு."

"ராத்திரி பத்து மணிக்கு ஒருத்தன் கொசுவத்தி கேட்டு வாரானே, அவனுக்கு யாரு குடுப்பா?"

"நீங்க இருக்கீயன்னுதான அவன் வாரான். இல்லன்னா வெள்ளனயே வாங்கிருப்பான்."

வாய்க்கு வாய் பதில்!

அவர் மனைவி பெருமாயிக்கு இப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. சொட்டு மருந்து வேளை தவறினால் பார்வைக்குத் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். காலையும் இரவும் சங்கரபாண்டியன் ஊற்றுகிறார். மத்தியானம்? கடை இருக்கிறதே! "அக்கம்பக்கத்துல யாராச்சும் ஊத்துவாவ" என்று விட்டுவிட்டார். யார் ஊற்றுகிறார்கள் என்று கேட்கக்கூட அவருக்கு நேரம் வாய்க்கவில்லை.

இன்று மில்லைச் சாத்தியதும் சுந்தரேஸ்வரி நேரே அவர் கடைக்கு வந்தாள். ஷட்டர் இழுக்கும் கொக்கிக் கம்பி கையிலேயே இருந்தது.

"அண்ணாச்சி, விளாத்திகுளத்துல ஒரு சடங்கு வீடு. இந்த பஸ்ஸ விட்டா வேற இல்ல. இன்னைக்கு மதினி கண்ணுக்கு நீங்கதான் போயி மருந்து ஊத்தணும்."

"தெனமும் நீயா ஊத்துத?"

"பின்ன? உங்களுக்குத்தான் கடை இருக்கே."

"யாவார நேரத்துல திடீர்னு வந்து சொன்னா நான் எப்படிம்மா..." கோபமா வெட்கமா என்று அவருக்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து, "அண்ணாச்சி, அரைக் கிலோ சீனி" என்று ஒருவர் வந்து நின்றார். பழக்கத்தில் சங்கரபாண்டியனின் கை சீனி மூட்டைக்குப் போனது.

சுந்தரேஸ்வரி கம்பியை உயர்த்தி, அவர் கடை ஷட்டரில் கொக்கியை மாட்டி, பாதிவரை இழுத்து இறக்கினாள். கம்பியை அதிலேயே தொங்கவிட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.