டெஸ்டர் அண்ணன் காதில் விழுந்தது

"மெயினை ஆஃப் பண்ணியாச்சுண்ணே" என்று வீட்டுக்காரர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். வயரிங் வேலைக்கு வந்தவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏணியை விட்டு இறங்கிப் போய், மெயின் சுவிட்சைக் கண்ணால் பார்த்து, ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, திரும்ப ஏறி வயரில் டெஸ்டரை வைத்தார். அது எரியவில்லை. டெஸ்டரே கெட்டிருந்தால்? பக்கத்து வீட்டுப் பிளக்கில் செருகி, அது எரிவதைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் வயரில் கை வைத்தார்.

வயரிங் வேலையில் அவருக்குக் கிடைத்த பட்டப்பெயர், டெஸ்டர். "ஆஃப் பண்ணிட்டேன்னு சொன்னவன் நல்லாத்தான் இருப்பான். நம்பினவன்தான் போய்ச் சேருவான்" என்பார்.

குணம் வேலையோடு நின்றால் தேவலை. பேருந்தில் ஏறினால், அது எங்கே போகிறது என்று ஓட்டுநரைக் கேட்பார், நடத்துநரைக் கேட்பார், பக்கத்து இருக்கைக்காரரையும் ஒரு கேள்வி கேட்டு வைப்பார். தேவாலயத்தில் எல்லாரும் கண்மூடி ஜெபிக்கையில் அவருடைய ஒரு கண் மட்டும் மின்விசிறியின் கொக்கியிலேயே இருக்கும். "நீங்க பரலோகத்துக்குப் போனாலும் வாசல்ல நின்னு, இது அசல்தானான்னு தட்டிப் பார்த்துட்டுத்தான் உள்ளே போவீங்க" என்பார் மனைவி.

இதற்கெல்லாம் காரணம் தம்பிதான் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால், ஒரு தொழிற்சாலையில் அண்ணன் தம்பி இருவரும் வேலை செய்தபோது தம்பி தவறான சுவிட்சை அணைத்துவிட்டான். அண்ணனின் வலது கையில் இரண்டு விரல்கள் கருகி மடங்கின. அதன் பிறகு தம்பியை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. இப்போது ஒரு கிடங்கில் காவல் இருக்கிறான். அண்ணன் வீட்டுப் படி மிதிப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர், "வழி முழுக்கத் தெரிஞ்ச பிறகுதான் நடப்பேன்னா, விசுவாசம் எதுக்கு? கர்த்தர் கேக்குறது முதல் அடியை மட்டுந்தான்" என்றார். டெஸ்டருக்குச் சுருக்கென்றது. திரும்பும் வழியில் மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"நீ அவர்கிட்ட ஏதாவது சொன்னியா?"

"நான் என்னத்தைச் சொல்றது? எங்கிட்ட நீங்க என்ன சொல்லியிருக்கீங்க?"

அவர் நடையை எட்டிப் போட்டார்.

மூன்று வாரம் ஒரே ஜெபம். "ஆண்டவரே, தம்பி கதவைத் திறப்பானா, மாட்டானா? அதை மட்டும் காட்டிடும்." ஒன்றும் காட்டப்படவில்லை. நான்காவது சனிக்கிழமை, காலைச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து நடந்தார்.

தம்பி வீட்டுக் கதவு நாலு விரற்கடை திறந்தது. உள்ளே சங்கிலி மாட்டியபடியே இருந்தது.

"யார் அனுப்பினது? எதுலயாவது கையெழுத்து வேணுமா?"

"ஒண்ணும் வேணாம்டா." டெஸ்டர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு, 'அண்ணே தொடாதே, சுவிட்சு மாறிப்போச்சு'ன்னு நீ கத்தினே இல்ல?"

தம்பியின் கண் கதவிடுக்கு வழியாக அவருடைய மடங்கிய விரல்களுக்குப் போனது.

"எனக்குக் கேட்டுச்சு. உனக்கு என்னடா தெரியும்னு நான்தான் கைய வச்சேன். கேக்கவே இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"பதினோரு வருஷம்ணே" என்றான் தம்பி. "நான் கத்தினேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

கதவு மூடிக்கொண்டது.

டெஸ்டர் மறுபடி தட்டவில்லை, திரும்பியும் போகவில்லை. உள்ளே தம்பி மனைவி, "யாருங்க?" என்று கேட்பது மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்துச் சங்கிலி கலகலத்தது. கதவை அகலத் திறந்துவிட்டு, முகத்தைக் காட்டாமல் தம்பி உள்ளே நடந்துவிட்டான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அவர் ஒன்றும் கேட்காமல் குனிந்து செருப்பைக் கழற்றினார்.